நாற்பது புத்தக ஆணை

மரங்களைக் காப்பாற்றுவது என்று நூலகத் துறை முடிவு செய்தபோது முதலில் விழுந்தது நூலக வாசலில் நின்ற மரம்தான். அதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. மின்புத்தகக் கருவிகளுக்கு சார்ஜ் ஏற்ற வேண்டும். அந்த மின்சாரம் சுத்தமானதாக இருக்க வேண்டும். அதற்காகக் கூரையில் சூரியத் தகடுகளைப் பதித்தார்கள். பதித்து முடித்த பிறகுதான் மத்தியானத்துக்கு மேல் மரத்தின் நிழல் தகடுகள் மேல் விழுகிறது என்பது தெரிந்தது. மரத்தை வெட்டிய இடத்தில் ஒரு பலகை நட்டார்கள். 'காகிதத்தைக் கைவிட்டதன் மூலம் இந்நூலகம் மரங்களைக் காக்கிறது' என்று ஆரம்பித்து அதில் நிறைய எழுதியிருந்தது. பலகை நல்ல மரத்தில் செய்தது. வெயிலில் நின்று படிக்க வேண்டியிருந்ததால் யாரும் அதை முழுதாகப் படித்ததில்லை.

நூலகத்துக்கு எதிர்வரிசையில் ஒருவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். ஊரில் அவருக்குப் பெயர் கண்ணாடிக்காரர். அவர் மனைவி பள்ளிக்கூட வேன் ஓட்டினாள். இருவரும் நூலகத்தில் பழைய உறுப்பினர்கள். ஆனால் படிக்கிற விதத்தில் அவர்களுக்குள் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அவள் காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, மாலை மணி அடிக்கும்வரை வேனிலேயே உட்கார்ந்து படிப்பாள். இரண்டு மூன்று நாளைக்கு ஒரு புத்தகம் முடிந்துவிடும். அவர் ஒரு வாடிக்கையாளருக்கும் அடுத்தவருக்கும் நடுவில் ஒரு பக்கமோ ஒன்றரைப் பக்கமோ படிப்பார். ஒரு வாக்கியம் பிடித்துப்போனால் திரும்பப் படிப்பார். இன்னும் பிடித்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படிப்பார். ஒரு நாவல் முடிய ஒரு மழைக்காலத்திலிருந்து அடுத்த மழைக்காலம்வரை ஆகும்.

"நீங்க படிக்கிறதுக்குள்ள எழுதினவரே இன்னும் ரெண்டு எழுதிடுவாரு" என்பாள் மனைவி.

"எழுதட்டும். நான் எங்க ஓடிடப் போறேன்?" என்பார் அவர்.

மின்புத்தகத் திட்டத்தைத் தொடங்கிவைக்கத் துறையின் இயக்குநர் வந்தார். நூலகக் கூடத்தில் புதிதாக ஏசி போட்டிருந்தார்கள்; கருவிகளுக்கு வெப்பம் ஆகாதாம். அந்தக் கூடத்தில் இதுநாள்வரை மனிதர்கள் வியர்த்துக்கொண்டுதான் படித்தார்கள், அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை.

"நண்பர்களே!" என்று இயக்குநர் தொடங்கினார். "ஒவ்வொரு தாளும் ஒரு மரத்தின் தோல். தோலின் மீதா நாம் படிப்பது? இன்றோடு அந்தக் காட்டுமிராண்டித்தனம் முடிந்தது. இனி இந்தத் துறையில் காகிதம் என்ற சொல்லையே காகிதத்தில் எழுத மாட்டோம்!"

கைதட்டல் அடங்கியதும் அவருடைய உரை அச்சிட்ட புத்தகமாக எல்லோருக்கும் கொடுக்கப்பட்டது. வழவழப்பான தாள். அட்டையில் அவர் ஒரு செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

பிறகு ஆளுக்கொரு கருவி கொடுத்தார்கள். பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் இன்னொரு பெட்டி, அதற்குள் ஒரு அட்டைத் தொட்டில், தொட்டிலில் கருவி. கூடவே பல மொழிகளில் அச்சான கையேடு ஒன்று. கண்ணாடிக்காரர் இரவல் எடுத்து வைத்திருந்த நாவலைவிட அது தடிமனாக இருந்தது. அந்த நாவல் ஒரு கலங்கரை விளக்கத்தைக் காவல் காக்கிற குடும்பத்தின் கதை. காகிதப் புத்தகங்கள் நிறுத்தப்படுவதற்கு முந்தின வாரம் எடுத்தது. இன்னும் குடும்பம் கரையிலிருந்து கிளம்பவே இல்லை.

மனைவிக்குக் கருவி உடனே பிடித்துவிட்டது. "நல்லா இருக்குங்க. பொய் சொல்லக் கூடாது. எழுத்தைப் பெருசாக்கிக்கலாம். கையும் வலிக்கல. வெயில்ல வேனுக்குள்ள உக்காந்தாலும் தெளிவாத் தெரியுது."

"அப்ப நீ அதுல படி. நான் இதுல படிக்கிறேன்."

உலகம் அதோடு நின்றிருந்தால் இருவரும் நிம்மதியாக இருந்திருப்பார்கள். ஆனால் துறையில் ஒரு குழு இருந்தது. சில மாதம் கழித்து அது ஒரு உண்மையைக் கண்டுபிடித்தது. கருவி வானத்திலிருந்து விழுவதில்லை. மண்ணைத் தோண்டி உலோகம் எடுக்கிறார்கள், எங்கோ தொழிற்சாலையில் செய்கிறார்கள், கப்பலில் கொண்டுவருகிறார்கள். இத்தனையிலும் பூமிக்குக் கெடுதல் நடந்துவிடுகிறது. அந்தக் கெடுதல் சரியாக வேண்டுமானால் ஒருவர் ஒரே கருவியில் நிறைய புத்தகம் படிக்க வேண்டும். எத்தனை புத்தகம் என்பதில் குழுவில் ஒருமித்த கருத்து வரவில்லை. ஒருவர் இருபது என்றார், ஒருவர் எழுபது என்றார், ஒருவர் கருவியைப் பொறுத்தது, மின்சாரத்தைப் பொறுத்தது, அதைவிட ஆளைப் பொறுத்தது என்று சொல்லி மற்றவர்களின் வெறுப்பைச் சம்பாதித்தார். கடைசியில் இயக்குநர், "நாற்பதுன்னு போடுங்க. சொல்றதுக்கு நல்லா இருக்கு" என்றார். அப்படித்தான் நாற்பது புத்தக ஆணை பிறந்தது. ஒவ்வொரு உறுப்பினரும் ஆண்டுக்குள் நாற்பது மின்புத்தகம் படித்தாக வேண்டும். அதுவரை அவர் 'தீங்கு நிலையில்' இருப்பார்.

ஆணையைக் கடைப்பிடிக்கவைக்க வாசிப்பு ஊக்குநர் ஒருவரை நியமித்தார்கள். அவர் முன்பு இன்சூரன்ஸ் பிடித்துக்கொண்டிருந்தவர். அந்தக் குரல் அவரை விட்டுப் போகவில்லை. ஒருநாள் கடைக்குள் வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சார், உங்க மேல இருக்கற அக்கறையில சொல்றேன். நீங்க இன்னும் தீங்கு நிலையில இருக்கீங்க."

கண்ணாடிக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நான் என்னங்க பண்ணேன்? என் பாட்டுக்குக் கடையில உக்காந்திருக்கேன்."

"அதாங்க தீங்கு. கருவி எங்க?"

மேஜை இழுப்பறையில் கண்ணாடிக் கூடுகளுக்கு அடியில் இருந்தது. சார்ஜ் இறங்கி எந்தக் காலமோ ஆகியிருந்தது. ஊக்குநர் அதைக் குழந்தையைத் தூக்குவது மாதிரி தூக்கி, செருகி, உயிர் வரவழைத்தார்.

"இதுல ஒரு புத்தகம்கூட நீங்க திறக்கல சார். பூமி உங்களைப் பாத்துக்கிட்டே இருக்கு."

"நான் இந்த நாவலை முடிச்சிட்டு…"

"அது காகிதம் சார். கணக்குல வராது. எப்பவோ அதைத் திருப்பித் தந்திருக்கணும். சரி விடுங்க, அதை அப்புறம் பேசலாம். இப்ப பாருங்க, இப்படித் தள்ளணும். பக்கம் போகுதா? இப்படியே கடைசிவரைக்கும் போனா ஒரு புத்தகம்."

"படிக்க வேண்டாமா?"

ஊக்குநர் பரிதாபமாகப் பார்த்தார். "சார், படிக்கிறது உங்க தனிப்பட்ட விஷயம். துறை அதுல தலையிடாது. எங்களுக்குப் பக்கம் நகரணும், அவ்வளவுதான்."

ஊர் இதைச் சீக்கிரமே புரிந்துகொண்டது. முடிதிருத்தும் கடையில் காத்திருந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்து பக்கம் தள்ளினார்கள். மருந்துக்கடைக்காரர் பில் போட்டபடி இடது கையால் தள்ளினார். ஒரு மாமியாரும் மருமகளும் மாதக்கணக்கில் பேசாமல் இருந்தவர்கள், ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து தள்ளிக்கொடுத்துக்கொண்டதில் சமாதானமானார்கள். சைக்கிள் கடைக்காரர் மேஜை விசிறியின் இறக்கையில் பழைய ட்யூப் துண்டு ஒன்றைக் கட்டி, அது சுற்றும்போது திரையைத் தொட்டுவிட்டுப் போகிற மாதிரி கருவியைச் சாய்த்துவைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். அவர் திரும்பி வரும்போது தத்துவம் முழுவதையும் முடித்து வரலாற்றில் பாதி வந்திருந்தார்.

அரையாண்டு விழாவில் அவருக்குத்தான் முதல் பரிசு. "இவரைப் போல ஆழ்ந்து வாசிக்கிறவர்கள் அருகி வருகிறார்கள்" என்று இயக்குநர் குரல் தழுதழுக்கப் பேசினார். சைக்கிள் கடைக்காரர் விசிறிக்கு மனசுக்குள் நன்றி சொல்லிக்கொண்டார்.

இரண்டாம் பரிசு கண்ணாடிக்காரரின் மனைவிக்கு. அவள் நாற்பதையும் படித்தே முடித்திருந்தாள். 'பசுமை வாசகி' என்று பொன்னெழுத்தில் அச்சிட்ட சான்றிதழை, கண்ணாடி போட்டு, தேக்குச் சட்டம் அடித்துக் கொடுத்தார்கள். மேடையில் படம் எடுக்க வசதியாக நிற்கச் சொன்னார்கள், சிரிக்கச் சொன்னார்கள், கொஞ்சம் இடதுபுறம் தள்ளி நிற்கச் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்ததும் சட்டத்தைச் சுவரோரம் சாய்த்துவிட்டு அவள் சொன்னாள்: "எதைப் படிச்சீங்கன்னு ஒருத்தர்கூடக் கேக்கலைங்க."

"எதைப் படிச்சே?"

"அதுல ஒண்ணு, ஒரு பாலம் கட்டற பொம்பளையோட கதை. அவ புருஷனே அந்தப் பாலம் வேணாம்னு நிக்கிறான்." அவள் சொல்ல ஆரம்பித்தாள். சாப்பாடு ஆறிப்போகும்வரை சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். ஒரு இடத்தில் மட்டும், "அதை இன்னொரு தடவை சொல்லு" என்றார்.

பரிசு வாங்கிக் கொஞ்ச நாளைக்குள் இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று அவருக்கு: காகித நாவலை ஒப்படைக்க வேண்டும், தீங்கு நிலையில் நீடிப்பதற்குக் காரணம் சொல்ல வேண்டும், விசாரணைக்கு வரவும். மற்றொன்று அவளுக்கு. அவள் பாராட்டுக் கடிதம் என்று நினைத்துப் பிரித்தாள். பழைய மாதிரிக் கருவிகள் திரும்பப் பெறப்படுகின்றன. அதைவிடப் பசுமையான புதிய மாதிரி வழங்கப்படும். அதே நாளில் கருவியுடன் வரவும்.

அவள் கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. சார்ஜ் நன்றாக நின்றது. "இதுக்கு என்ன குறைச்சல்?" என்றாள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தன் கடிதத்தை மறுபடியும் படித்தார்.

விசாரணை நாளில் கூடம் நிரம்பி வழிந்தது. மெதுவாகப் படிக்கிறவர்கள், விசிறி வாங்க வசதியில்லாதவர்கள், பக்கம் தள்ள மறந்தவர்கள் என்று ஊரில் தீங்கு நிலையில் இருந்த எல்லோரையும் ஒரே நாளில் வரச் சொல்லியிருந்தார்கள்; கருவி மாற்ற வந்தவர்களும் அங்கேதான் இருந்தார்கள். வாசலில் ஒரு லாரி பின்பக்கம் திறந்தபடி நின்றது. பின்கூடத்தில் பூட்டிவைத்திருந்த காகிதப் புத்தகங்களை ஏற்றிப்போக வந்தது. நூலகர் ஓர் ஓரமாக நின்றிருந்தார். முப்பது வருஷத்துக்கு மேல் அங்கே வேலை பார்க்கும் அம்மா அவர். இப்போது அவர் பதவியின் பெயர் கருவிக் காப்பாளர். அவரிடம் கேட்டால் எல்லாவற்றுக்கும் "சரிங்க சார்" என்பார். அன்றும் காலையிலிருந்து அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

கண்ணாடிக்காரரை முதலில் கூப்பிட்டார்கள். அவர் நாவலைக் கக்கத்தில் இடுக்கியபடி போய் நின்றார்.

"நாற்பதில் நீங்கள் எத்தனை?" என்றார் இயக்குநர்.

"ஒண்ணுல பாதி சார். அதுவும் கணக்குல வராதுன்னு சொன்னாங்க."

"வெட்கமாக இல்லை?"

"நல்லா இருக்கு சார். இப்பதான் கலங்கரை விளக்கத்துக்குப் படகு கிளம்புது."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். இயக்குநர் மேஜையைத் தட்டினார். "அந்தப் புத்தகத்தை அங்கே வைத்துவிட்டுப் போங்கள்."

"வச்சா என்ன பண்ணுவீங்க?"

"கூழாக்குவோம். அந்தக் கூழிலிருந்து அட்டைப்பெட்டி செய்வோம். புதுக் கருவிகள் வருகின்றன அல்லவா? பெட்டி வேண்டாமா? ஒன்றும் வீணாகாது ஐயா, அதுதான் பசுமை!"

கண்ணாடிக்காரர் புத்தகத்தைப் பார்த்தார். வாழ்க்கையில் அவர் யாரையும் எதிர்த்துப் பேசியதில்லை. கடையில் பேரம் பேசுகிறவர்களிடம்கூடத் தோற்றுப்போகிறவர்.

"சார், இதுக்கு வெட்டின மரம் எப்பவோ வெட்டினதுதான். அச்சடிச்சதும் அடிச்சதுதான். இதை இந்த ஊர்ல எத்தனை பேரு படிச்சிருக்காங்க! எனக்கு முன்னாடி படிச்சவங்க பக்கத்தோட ஓரத்துல பென்சில்ல கோடு போட்டு வச்சிருக்காங்க. எனக்குப் பின்னாடியும் ஆளு இருக்கு. இதை அழிச்சா எந்த மரம் சார் திரும்ப முளைக்கும்?"

"உணர்ச்சிவசப்படாதீர்கள்."

"நான் தரல சார்."

அதைச் சொன்னது தான்தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. அதனால் இன்னொரு தடவை சொன்னார். "தரல."

இயக்குநர் சமாளித்துக்கொண்டு அடுத்த பெயரைக் கூப்பிடச் சொன்னார். அடுத்தது கண்ணாடிக்காரரின் மனைவி. பசுமை வாசகி வந்தால் நிலைமை சுமுகமாகிவிடும் என்று நினைத்து எழுந்து நின்றே வரவேற்றார். "வாருங்கள் அம்மா! உங்கள் கணவருக்கு நீங்கள்தான் புத்தி சொல்ல வேண்டும். பழைய கருவியைக் கொடுங்கள், புதியது தயார்."

"இதுல நான் நாப்பது படிச்சேனே சார், அது என்னாச்சு?"

"அது பழைய கருவியின் கணக்கு. புதியதில் முதலிலிருந்து தொடங்குவீர்கள்."

"நாப்பது படிச்சாதான் இது செஞ்ச கெடுதல் சரியாகும்னு சொன்னீங்க. இப்பதான் சரியாச்சு. இனிமே படிக்கிறதெல்லாம் லாபம். அந்த நேரம் பாத்துக் குடுன்னா எப்படி?"

இயக்குநர் புன்னகைத்தார். அவருக்கு மிகவும் பிடித்த இடத்துக்குப் பேச்சு வந்திருந்தது. "அம்மா, நீங்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரே கருவியை வைத்துக்கொண்டே இருந்தால் துறைக்கு என்ன முன்னேற்றம்? சென்ற ஆண்டு கருவி கொடுத்தோம், பாராட்டினார்கள். இந்த ஆண்டும் கொடுத்தால்தானே பாராட்டுவார்கள்? பூமியைக் காப்பது என்பது ஒருமுறை செய்துவிட்டுச் சும்மா இருக்கிற வேலை இல்லை. ஒவ்வொரு ஆண்டும் புதிதாகக் காக்க வேண்டும். அதற்குப் பழையதைத் தூக்கிப் போட வேண்டும்!"

கைதட்டலுக்காக நிறுத்தினார். ஏசியின் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்ப நானும் தரல" என்றாள் அவள். "இவரு புத்தகத்தை இவரு வச்சுக்கட்டும். என் கருவியை நான் வச்சுக்கறேன். உங்க புதுசை நீங்க வச்சுக்கோங்க."

"இது கலகம்!" என்றார் இயக்குநர். வாசல் பக்கம் திரும்பி, "புத்தகங்களை ஏற்றுங்கள்! இவர்களிடம் அப்புறம் பேசிக்கொள்ளலாம்" என்று கத்தினார். "அம்மா, பின்கூடத்தைத் திறங்கள்!"

"சரிங்க சார்" என்றார் நூலகர்.

திறந்தார். ஆனால் திறந்துவிட்டு விலகி நிற்கவில்லை. கதவுக்குக் குறுக்கே ஒரு மேஜையை இழுத்துப் போட்டு, இழுப்பறையிலிருந்து தேதி முத்திரையையும் மைப் பெட்டியையும் எடுத்து வைத்தார். அவற்றைத் திருப்பிக் கேட்க யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

"சார், இரவல்ல இருக்கற புத்தகத்தைக் கழிக்கக் கூடாதுன்னு துறை விதி. ஞாபகம் இருக்குங்களா?"

"இருக்கிறது. அதற்கென்ன? உள்ளே இருப்பவை இரவலில் இல்லையே."

"இல்ல சார்." அவர் கூடத்தைப் பார்த்து, வழக்கமான மெல்லிய குரலில் சொன்னார்: "வேணுங்கிறவங்க வரிசையா வாங்க."

நாற்காலிகள் உராய்ந்த சத்தத்தில் கூடமே எழுந்தது.

இயக்குநர் பாய்ந்து வந்தார். "ஆளுக்கு மூன்றுதான்! மூன்றுக்கு மேல் கொடுக்கக் கூடாது!"

"அந்த வரம்பை நீங்கதான் சார் எடுத்தீங்க. நாப்பது படிக்கணும்னா வரம்பு இருக்கக் கூடாதுன்னு சொல்லி, உறுப்பினர் எத்தனை புத்தகம் வேணும்னாலும் எடுக்கலாம்னு கையெழுத்துப் போட்டீங்க. மின்புத்தகம் மட்டும்னு அதுல போடல."

முத்திரை விழ ஆரம்பித்தது. மருந்துக்கடைக்காரர் அடுக்காகத் தூக்கிப் போனார். சமாதானமான மாமியாரும் மருமகளும் ஒரு பெரிய சேலையை விரித்து நான்கு மூலையையும் ஆளுக்கிரண்டாகப் பிடித்துக்கொண்டார்கள். சைக்கிள் கடைக்காரர் எங்கிருந்தோ செய்தி கேட்டு ஓடிவந்து, தத்துவத்தில் தான் முடித்த புத்தகங்களையெல்லாம் கொஞ்சம் பார்க்க வேண்டும் என்று கேட்டு வாங்கினார். கண்ணாடிக்காரரின் மனைவி வேனைப் பின்பக்கமாக எடுத்துவந்து லாரிக்கும் வாசலுக்கும் நடுவில் நிறுத்தினாள். பிள்ளைகளின் பைகள் வைக்கும் இடமெல்லாம் புத்தகம் ஏறியது. லாரிக்காரர் ஹாரன் அடித்தார். அவள் கண்ணாடியை இறக்கி, "பள்ளிக்கூட வண்டிங்க, பொறுமையாத்தான் போகும்" என்றாள்.

ஊக்குநர் ஒரு தூணோரம் நின்று வேடிக்கை பார்த்தார். அவர் சட்டைக்குள் ஏதோ சதுரமாகத் துருத்திக்கொண்டிருந்ததை நூலகர் கவனித்தார். கூப்பிட்டு, அதற்கும் முத்திரை போட்டுக் கொடுத்தார்.

சாயங்காலம் பின்கூடத்தில் வெறும் அலமாரிகள் நின்றன. இயக்குநர் அவற்றின் நடுவில் வெகுநேரம் நின்றார். பிறகு அவர் முகம் மெல்லத் தெளிந்தது. அன்றே தலைமை அலுவலகத்துக்கு, 'இந்நூலகத்தில் காகிதப் புத்தகம் ஒன்றுகூட இல்லை என்ற நிலையை எட்டிவிட்டோம்' என்று எழுதி அனுப்பினார். அதற்காக அந்த ஆண்டு அவருக்கு விருது கிடைத்தது. எழுதியதில் பொய் எதுவும் இல்லை என்பதால் அதைப் பற்றி இங்கே குறை சொல்வதற்கில்லை.

ஆனாலும் கடிதங்கள் வந்துகொண்டே இருந்தன. தவணை முடிந்தும் புத்தகத்தை ஏன் திருப்பித் தரவில்லை என்று வீட்டுக்கு வீடு காரணம் கேட்டார்கள். ஊரில் எல்லோரும் 'இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன்' என்று பதில் போட்டார்கள். சிலர் உண்மையிலேயே படித்துக்கொண்டிருந்தார்கள். படித்தவர்கள் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தார்கள். பக்கத்து வீடு கண்ணாடிக் கடையில் வைத்துவிட்டுப் போனது. கண்ணாடி மாட்டிப் பார்க்க வந்தவர்கள் அங்கிருந்து எடுத்துப்போனார்கள். எந்தப் புத்தகம் யார் வீட்டில் இருக்கிறது என்று இயக்குநருக்குத் தெரியாது. நூலகருக்குத் தெரியும். அவரைக் கேட்டால், "சரிங்க சார், பாக்கறேன்" என்றார்.

மிச்சமிருந்தது கண்ணாடிக்காரரின் மனைவியிடம் இருந்த அந்த ஒரு பழைய கருவிதான். ஊரிலிருந்த மற்ற பழைய கருவிகளையெல்லாம் கோணிகளில் கட்டி நூலக மாடியில் குவித்துவிட்டார்கள். அவற்றை என்ன செய்வது என்று யோசிக்க இன்னொரு குழு போட்டிருந்தார்கள். அதையும் வாங்கிவந்தால் கணக்கு முடிந்துவிடும் என்று ஊக்குநரை அனுப்பினார்கள்.

பள்ளிக்கூடத்துச் சுவரோரம் வேன் நின்றிருந்தது. அவள் ஓட்டுநர் இருக்கையில் கால்களை மடக்கி உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். ஊக்குநர் கண்ணாடியைத் தட்டினார்.

"அம்மா, அந்தக் கருவியை…"

அவள் தலையைத் தூக்கவில்லை. ஒரு விரலை மட்டும் உயர்த்தினாள்.

"அத்தியாயம் முடியட்டும்."

அவர் வெயிலில் நின்றார். அது நீளமான அத்தியாயம்.